மேக்னடைட்: கையில் உள்ள கல்லை அடையாளம் கண்டு வகைப்படுத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையின் அடிவாரத்தில், வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும் மாறி மாறி ஓடிய கற்கள் கிடக்கின்றன. அளவுக்கு மீறிய கனம் கொண்ட அவற்றை ஊரார் இரும்புக்கல் என்று அழைப்பர். ஆனால் அந்தப் பெயருக்குள் பல கனிமங்கள் ஒளிந்துகொள்ளும். மேக்னடைட்டும் இரும்புக்கல்தான், ஹேமடைட்டும் கோதைட்டும் இரும்புக்கற்களே, பழைய உலைகளின் கழிவையும் சிலர் அப்படியே அழைப்பதுண்டு. கையில் எடுத்த ஒரு கல்லில் உள்ள கனிமம் மேக்னடைட்தானா என்று உறுதி செய்து, கனிமவியல் முறைகளில் அதற்குரிய இடம்வரை கொண்டுசேர்க்கும் வழியை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்குமுன் ஓர் அடிப்படையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கனிமம் எது என்பதை இரண்டு செய்திகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: அதில் எந்த அணுக்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்பது ஒன்று, அந்த அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது மற்றொன்று. இரும்பு ஆக்சைடுகளைப் பொறுத்தவரை இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்பவர் கட்டாயம் தவறுவார். ஹேமடைட்டும் மேக்ஹெமைட்டும் ஒரே வேதி வாய்பாடு கொண்டவை. இரண்டிலும் 2 இரும்பு அணுக்களுக்கு 3 ஆக்சிஜன் அணுக்கள். ஆயினும் அணு அடுக்கு வேறாக இருப்பதால் அவை இரண்டு தனிக் கனிமங்கள். மேக்னடைட்டும், இரும்போடு குரோமியமும் கொண்ட குரோமைட்டும் வாய்பாட்டில் வேறுபட்டாலும் அணு அடுக்கில் ஒன்றாக நிற்பதால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தேவையான பொருட்கள்

சிறிய காந்தம் ஒன்று, அதைத் தொங்கவிட நூல், காந்த ஊசிப்பெட்டி, 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, ஒரு கிராம் அளவுக்காவது துல்லியமான எடை காட்டும் மின்னணுத் தராசு, தண்ணீர்க் கிண்ணம், மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தகடு ஆகியவை போதும். தகட்டுக்குப் பதில் தரையில் பதிக்கும் டைல்ஸின் பின்புறத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அது வெள்ளையாக இருக்க வேண்டும். செம்மண்ணில் செய்த ஓட்டின் சிவப்பு, உரசும்போது கோட்டோடு கலந்து எல்லாக் கல்லையும் ஹேமடைட்டாகக் காட்டிவிடும்.

முதல் படி: கல்லா, சிட்டமா என்று பிரித்தறிதல்

கொங்குப் பகுதியில் இரும்பு உருக்கிய வரலாறு மிகப் பழையது. கொடுமணல் அகழாய்வில் உலைகளின் எச்சங்களும் இரும்புக் கழிவும் கிடைத்துள்ளன. ஆகவே இப்பகுதியில் கிடைக்கும் கறுத்த கனமான கட்டி இயற்கைக் கல்லாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலையில் உருகி ஓடி உறைந்த சிட்டத்தில் காற்றுக் குமிழ்கள் விட்ட உருண்டைக் குழிகள் தெரியும். மேற்பரப்பு கூழ் வழிந்து உறைந்ததுபோல் மடிந்திருக்கும். உடைத்த முகம் சில இடங்களில் கண்ணாடிபோல் பளபளக்கும். சிட்டத்திலும் இரும்பு ஆக்சைடுகள் இருப்பதால் அது காந்தத்தில் ஒட்டக்கூடும். மனிதர் உலையில் உருவான பொருள் கனிமம் என்ற வரையறைக்குள் வராது. எனவே குமிழ்க் குழிகள் தெரிந்தால் வகைப்படுத்தும் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். தொல்லியல் நோக்கில் அந்தக் கட்டிக்கு உள்ள மதிப்பு வேறு. கிடைத்த இடத்திலேயே அதை விட்டுவைப்பதே முறை.

இதே குழப்பம் விண்கற்களிலும் உண்டு. கறுப்பாகவும் கனமாகவும் காந்தத்தில் ஒட்டுவதாகவும் இருக்கும் கல்லை விண்கல் என்று நம்பி எடுத்து வைத்திருப்போர் பலர். அடுத்த படி அவர்களுக்கும் உதவும்: பெரும்பாலான விண்கற்கள் பீங்கானில் அடர்ந்த கறுப்புக் கோடு இழுப்பதில்லை, மேக்னடைட் இழுக்கும்.

இரண்டாம் படி: உரைத்துப் பார்த்தல்

பொன்னின் மாற்றை உரைகல் சொல்வதுபோல், இரும்பு ஆக்சைடின் இனத்தைப் பீங்கான் தகடு சொல்லும். என் மதிப்பில் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணையானது வேறில்லை. கல்லின் வெளிநிறம் வெயிலாலும் மழையாலும் மாறிவிடும்; அதன் தூளின் நிறம் அவ்வளவு எளிதில் மாறாது.

புதிதாக உடைந்த முகத்தில் கறுப்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அழுத்தி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோடு கறுப்பாக விழுந்தால் மேக்னடைட், அல்லது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்சைடான இல்மனைட். செம்பழுப்பாக, காவிப் பொடியின் நிறத்தில் விழுந்தால் ஹேமடைட். வெள்ளிபோல் மின்னும் கருநிற ஹேமடைட்கூடத் தகட்டில் சிவந்தே கோடிடும். மஞ்சள் கலந்த பழுப்பாக விழுந்தால் கோதைட். பழைய பாடநூல்களில் லிமோனைட் என்று வரும் பெயர் இந்த மஞ்சள்பழுப்புக் கலவைக்கு உரியது. அதில் பெரும்பங்கு கோதைட் என்பதால் இன்று லிமோனைட் தனிக் கனிமமாகக் கொள்ளப்படுவதில்லை. குரோமைட் பழுப்பாகக் கோடிடும்.

கஞ்சமலைக் கல்லின் வெள்ளைக் கோடுகளான குவார்ட்ஸ் பகுதியை உரைத்தால் நிறமே விழாது. தகட்டைத்தான் அது கீறும். கறுப்புப் பகுதி எங்கே என்பதை உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்ட பிறகே உரைக்க வேண்டும்.

மூன்றாம் படி: காந்தத்தை நூலில் தொங்கவிடுதல்

கையில் பிடித்த காந்தத்தைக் கல்லில் வைத்தால் மெல்லிய ஈர்ப்பு உணரப்படாமல் போகும். நூலில் தொங்கும் காந்தத்தின் அருகே கல்லை மெதுவாகக் கொண்டுசெல்வதே சரியான முறை. மேக்னடைட் என்றால் காந்தம் தயக்கமின்றித் தாவி ஒட்டும். இல்மனைட்டும் ஹேமடைட்டும் தூய நிலையில் மிக மெல்லிய ஈர்ப்பையே காட்டுவதால், சாதாரணக் காந்தம் அசைவதே அரிது. இந்த இடத்தில் நியோடிமியக் காந்தத்தைத் தவிர்ப்பது நல்லது. அதன் வலிமைக்கு முன் எல்லா இரும்புக்கற்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். மேலும் பாறை உருவானபோது அதில் பதிந்த பழைய புவிக்காந்தத் தடத்தை அது அழித்துவிடும்.

கறுப்புக் கோடும் வலுவான ஈர்ப்பும் சேர்ந்து அமைந்தால், மேக்னடைட் என்ற முடிவுக்குப் பெரும்பாலும் வந்துவிடலாம். காந்த ஈர்ப்பு மட்டும் இருந்தால் போதாது. மேக்ஹெமைட்டும் வலுவாக ஈர்க்கப்படும். அதன் கோடு பழுப்பு.

இரும்பை ஈர்க்கும் அயக்காந்தம் என்று நம் முன்னோர் அறிந்த கல்லும் மேக்னடைட்தான். ஆனால் எல்லா மேக்னடைட்டும் அயக்காந்தம் ஆவதில்லை. ஊசிப்பெட்டியின் அருகே கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஊசியின் இரு முனைகளையும் கல்லின் எல்லாப் பக்கங்களும் ஈர்த்தால் அது சாதாரண மேக்னடைட். கல்லின் ஒரு பக்கம் ஊசியின் ஒரு முனையைத் தள்ளினால், அக்கல் தனக்கென்று துருவங்கள் கொண்ட இயற்கைக் காந்தம். மின்னல் தாக்கும்போது எழும் கடும் காந்தப்புலமே கல்லை இப்படி மாற்றுகிறது என்ற விளக்கம் வலுவாக நிற்கிறது. இத்தகைய கற்கள் நிலமட்டத்தில் வெளிப்பட்டு நிற்கும் படிவுகளில் கிடைப்பது அதற்குப் பொருந்துகிறது.

கடற்கரைக் கருமணலைப் பற்றி இங்கே ஒரு சொல். மணவாளக்குறிச்சி போன்ற இடங்களின் கருமணலை மேக்னடைட் மணல் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் பெரும்பங்கு இல்மனைட். சாதாரணக் காந்தத்தில் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும் சிறு பங்குதான் மேக்னடைட். அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருப்பதால் அதை வீட்டில் சேர்த்துவைக்க வேண்டாம்.

நான்காம் படி: ஒப்படர்த்தியை அளத்தல்

தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்குக. உலர்ந்த நிலையில் எடை பார்த்த கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுக. இப்போது தராசு காட்டும் கூடுதல் கிராம்கள், கல் விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பது கிடைக்கும். 155 கிராம் கல் 30 கிராம் தண்ணீரை விலக்கினால் விடை 5.17. தூய மேக்னடைட்டின் மதிப்பு ஏறத்தாழ 5.18, ஹேமடைட்டுக்கு 5.26, இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7, குவார்ட்ஸுக்கு 2.65.

மேக்னடைட்டையும் ஹேமடைட்டையும் இந்த எண்ணால் பிரிக்க முடியாது. அவ்வேலையை உரைகோடு முன்பே செய்துவிட்டது. ஒப்படர்த்தியின் உண்மையான பயன், கலப்புக் கல்லில் எவ்வளவு மேக்னடைட் இருக்கிறது என்று கணக்கிடுவதில் தெரியும். வரிகள் ஓடிய ஒரு கல்லுக்கு 3.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 3.6-இலிருந்து குவார்ட்ஸின் 2.65-ஐக் கழித்தால் 0.95, மேக்னடைட்டுக்கும் குவார்ட்ஸுக்கும் உள்ள வேறுபாடு 2.53. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.375, அதாவது கல்லின் கன அளவில் 37.5 விழுக்காடு மேக்னடைட். அதை 5.18-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் எடையில் ஏறத்தாழ 54 விழுக்காடு. மேக்னடைட்டில் 72.4 விழுக்காடு இரும்பு உள்ளதால், கல்லின் மொத்த இரும்பு ஏறத்தாழ 39 விழுக்காடு. கல்லில் இந்த இரு கனிமங்களே உள்ளன, துளைகள் இல்லை என்ற அனுமானத்தில் கிடைக்கும் மதிப்பீடு இது. ஆம்பிபோல் போன்ற வேறு கனிமங்கள் சேர்ந்திருந்தால் எண் மாறும். என்றாலும் ஒரு தராசும் ஒரு கிண்ணமும் இவ்வளவு சொல்வது பெரிய செய்தி.

ஐந்தாம் படி: படிக வடிவத்தையும் கடினத்தையும் பார்த்தல்

மேக்னடைட் கனசதுரப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. இடையூறின்றி வளர்ந்த படிகம், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டவைத்ததுபோல் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாக இருக்கும். சில வேளை பன்னிருமுகியாகவும் வளரும். எது எதைக் கீறும் என்பதை வைத்து 1 முதல் 10 வரை எண்ணிடும் மோஸ் அளவில் கடினம் 5.5 முதல் 6.5 வரை. அதற்குத் தெளிவான கனிமப் பிளவு, அதாவது உடைக்கும்போது தட்டையான தளங்களாகப் பிரியும் தன்மை கிடையாது. பாறைக்குள் நெருங்கி வளர்ந்த மணிகளில் இந்த வடிவம் தெரியாமல் போவதே வழக்கம் என்பதால், எண்முகி தெரியவில்லை என்பதற்காக முடிவை மாற்ற வேண்டாம்.

ஆறாம் படி: வாய்பாட்டைப் புரிந்துகொள்ளுதல்

மேக்னடைட்டில் 3 இரும்பு அணுக்களுக்கு 4 ஆக்சிஜன் அணுக்கள். இந்த மூன்று இரும்பும் ஒரே நிலையில் இல்லை: ஒன்று இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஃபெரஸ் நிலையிலும், மற்ற இரண்டும் மூன்று எலக்ட்ரான்களை இழந்த ஃபெரிக் நிலையிலும் உள்ளன. எடைக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 31 விழுக்காடு ஃபெரஸ் ஆக்சைடு, 69 விழுக்காடு ஃபெரிக் ஆக்சைடு. ஆய்வகத்திடம் மொத்த இரும்பின் அளவை மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். மேக்னடைட்டின் 72.4 விழுக்காட்டுக்கும் ஹேமடைட்டின் 69.9 விழுக்காட்டுக்கும் உள்ள சிறு இடைவெளி, சிறிது மண் கலந்தாலே காணாமல் போகும். ஆகவே ஃபெரஸ் இரும்பைத் தனியே அளந்து தருமாறு கேட்பதே பயன் தரும்.

ஏழாம் படி: அணு அடுக்கை உறுதி செய்தல்

ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, அவற்றின் இடைவெளிகளில் இரும்பு அமரும் இந்த அமைப்புக்கு ஸ்பினல் அமைப்பு என்று பெயர். நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த இடைவெளி ஒரு வகை. ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்தது மற்றொரு வகை. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியை அலகுக் கூடு என்பர்; மேக்னடைட்டின் அலகுக் கூட்டில் 32 ஆக்சிஜன், 24 இரும்பு. 8 ஃபெரிக் அணுக்கள் நான்கு சூழ்ந்த இடங்களிலும், மீதி 8 ஃபெரிக்கும் 8 ஃபெரஸும் ஆறு சூழ்ந்த இடங்களிலும் அமர்கின்றன. ஸ்பினல் என்ற கனிமத்தில் நான்கு சூழ்ந்த இடங்களில் ஈரெலக்ட்ரான் இழந்த மக்னீசியம் அமரும்; இங்கே அந்த முறை தலைகீழாக இருப்பதால் மேக்னடைட்டைத் தலைகீழ் ஸ்பினல் என்பர்.

கல்லின் காந்தத்துக்கு விளக்கமும் இந்த இருக்கை வரிசையில்தான் இருக்கிறது. இரு வகை இடங்களிலும் உள்ள அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்கின்றன. இருபுறமும் எண்ணிக்கையில் சமமாக உள்ள ஃபெரிக் அணுக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, ஃபெரஸ் அணுக்களின் காந்தம் மட்டும் எஞ்சுகிறது. இந்நிலையைப் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1948-இல் விளக்கினார். 1970-இல் நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்த ஒழுங்கு கலைந்து காந்தத்தன்மை போய்விடும். ஆறு சூழ்ந்த இடங்களில் அருகருகே உள்ள ஃபெரஸ், ஃபெரிக் அணுக்களிடையே எலக்ட்ரான் எளிதில் தாவுவதால் இக்கனிமம் ஆக்சைடுகளில் அரிதான அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும்.

அடுக்கை நேரடியாகக் காட்டும் கருவி எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுமானி. அணுத்தளங்களில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்கள் பதிக்கும் கோடுகளைக் கொண்டு அத்தளங்களின் இடைவெளியை அது அளக்கிறது. அலகுக் கூட்டின் பக்கம் மேக்னடைட்டில் ஏறத்தாழ 8.40 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), மேக்ஹெமைட்டில் 8.35. மேக்னடைட்டின் வலுவான கோடு 2.53 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியிலும், ஹேமடைட்டின் வலுவான கோடு 2.70-இலும் விழும். ஹேமடைட்டைப் பிரிப்பது இதனால் எளிது. மேக்ஹெமைட்டின் கோடுகள் மிக அருகில் விழுவதால், ஐயம் எழுந்தால் ஃபெரஸ் அளவையோ, இரும்பின் நிலைகளைக் காமா கதிரால் பிரித்துக் காட்டும் மாஸ்பவர் நிறமாலையையோ துணைக்கு அழைக்க வேண்டும்.

எட்டாம் படி: வகைப்பாட்டு முறைகளில் இடம் காணுதல்

இங்கேதான் படிப்பவர் பலர் குழம்புகின்றனர். ஒரே கனிமத்துக்கு இரண்டு மூன்று எண்கள் இருப்பதே அதற்குக் காரணம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கேள்வியை முன்வைக்கிறது என்பதை உணர்ந்தால் குழப்பம் தீரும்.

ஜெர்மானியக் கனிமவியலாளர் ஹூகோ ஸ்ட்ரன்ஸ் 1941-இல் முன்வைத்து, பின்னர் எர்னஸ்ட் நிக்கலுடன் சேர்ந்து திருத்திய முறையில் ஆக்சைடுகள் நான்காம் வகுப்பு. உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்டு அது அடுத்த பிரிவுக்குச் செல்கிறது. மூன்றுக்கு நான்கு என்ற விகிதம் பி பிரிவு. நடுத்தர அளவு நேரயனிகள் (எலக்ட்ரான் இழந்த உலோக அணுக்கள்) மட்டும் கொண்டவை அதனுள் மற்றொரு பி. ஆகவே மேக்னடைட்டின் முகவரி 4.பிபி.05. இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் கொண்ட ஹேமடைட் சி பிரிவுக்குப் போய் 4.சிபி.05 ஆகிறது, ஹைட்ராக்சில் சேர்ந்த கோதைட் எஃப் பிரிவில் அடங்கும்.

அமெரிக்கரான ஜேம்ஸ் டானாவின் மரபில் வளர்ந்த முறை, எளிய ஆக்சைடுகளை 4-ஆம் வகுப்பிலும் பன்ம ஆக்சைடுகளை 7-ஆம் வகுப்பிலும் வைக்கிறது. அதில் மேக்னடைட்டின் எண் 7.2.2.3. ஒரே உலோகம் கொண்ட கனிமம் பன்ம ஆக்சைடு எப்படி ஆகும் என்று கேட்பது நியாயமே. இரு வேறு மின்சுமை நிலைகளில், இரு வேறு இடங்களில் இரும்பு இருப்பதால் அது இரண்டு உலோகங்கள் இருப்பதற்கு ஒப்பாகக் கொள்ளப்படுகிறது. ஆறாம் படியைத் தாண்டி வந்தவருக்கு இது உடனே விளங்கும். மேக்ஹெமைட்டை டானா முறை வாய்பாட்டைப் பார்த்து ஹேமடைட் இருக்கும் எளிய ஆக்சைடுகளில் சேர்க்கிறது. ஸ்ட்ரன்ஸ் முறை அடுக்கைப் பார்த்து மேக்னடைட்டின் பக்கம் சேர்க்கிறது. இரு முறைகளின் மனப்போக்கையும் ஒப்பிட்டு அறிய இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஏற்று 2019-இல் வெளியான ஸ்பினல் பெருங்குழுவின் பெயரிடும் முறை. இது முதலில் எதிரயனி (எலக்ட்ரான் ஏற்ற அணு) எது என்று கேட்கிறது: ஆக்சிஜன் என்றால் ஆக்சிஸ்பினல் குழு, கந்தகம் என்றால் தயோஸ்பினல் குழு. பின்பு நேரயனிகளின் மின்சுமையைக் கேட்கிறது. இரண்டும் மூன்றும் சேர்ந்தவை ஸ்பினல் துணைக்குழு. இரண்டும் நான்கும் சேர்ந்தவை உல்வோஸ்பினல் துணைக்குழு. மேக்னடைட் ஸ்பினல் துணைக்குழுவில், குரோமைட், ஃபிராங்க்லினைட், மேக்னீசியோஃபெரைட் ஆகியவற்றோடு இருக்கிறது. இன்று புதிதாகக் கற்பவர் இந்த மூன்றாவது முறையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் துணிபு. எண்ணை மனப்பாடம் செய்யும் தேவை இதில் இல்லை.

ஒன்பதாம் படி: தூய்மை குறைந்தவற்றுக்குப் பெயரிடுதல்

இயற்கையில் கிடைக்கும் மேக்னடைட் முழுத் தூய்மையோடு இருப்பது அரிது. டைட்டேனியம் கலந்த மேக்னடைட்டை டைட்டனோமேக்னடைட் என்பர். அது மேக்னடைட்டுக்கும் உல்வோஸ்பினலுக்கும் இடையே ஓடும் தொடரின் பெயர், தனிக் கனிமப் பெயர் அன்று. தொடரின் இரு முனைகளில் எந்தக் கனிமம் மிகுந்திருக்கிறதோ அதன் பெயரே கனிமத்தின் பெயராகும்.

மார்ட்டைட் என்ற சொல்லும் அவ்வாறே. மேக்னடைட் காற்றிலும் நீரிலும் ஆக்சிஜன் ஏற்று, எண்முகி வடிவம் மாறாமல் உள்ளே ஹேமடைட்டாகிவிட்ட நிலைக்கு அப்பெயர். பார்வைக்கு மேக்னடைட், உரைத்தால் சிவப்பு, காந்தத்துக்கோ அரைமனத்தோடு அசையும். வடிவத்தை நம்பி ஐந்தாம் படியிலேயே முடிவு எழுதியவர் இதில் ஏமாறுவார். கனிமத்தின் பெயர் அப்போது ஹேமடைட்தான். ஒரே கல்லில் ஓரம் ஹேமடைட்டாகவும் நடு மேக்னடைட்டாகவும் இருப்பதும் உண்டு. மெருகிட்ட துண்டை எதிரொளி நுண்ணோக்கியில் வைத்தால், சாம்பல்நிற மேக்னடைட்டை வெண்மை கூடிய ஹேமடைட் விளிம்பிலிருந்து தின்றுகொண்டு போவதைக் கண்ணாலேயே காணலாம்.

பத்தாம் படி: தோன்றிய முறையைக் குறித்தல்

கனிமப் பெயரோடு அது எந்தச் சூழலில் தோன்றியது என்பதையும் எழுதினால்தான் பதிவு முழுமை பெறும். சுவீடனின் கிருனாவில் மேக்னடைட் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தோடு சேர்ந்த பெரும் தாதுப்படிவம். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் உருகிய பாறைக்குழம்பிலிருந்து அடுக்காகப் பிரிந்தது. அங்கே அதில் வெனேடியமும் சேர்ந்திருக்கிறது. சில பாக்டீரியாக்களும் கடல்வாழ் மெல்லுடலிகளான கைட்டன்களின் பற்களும்கூட மேக்னடைட்டை ஆக்குகின்றன. கஞ்சமலையில் உள்ளது மேக்னடைட் குவார்ட்சைட்: பழங்கடலடியில் இரும்பும் சிலிக்காவும் வரிவரியாகப் படிந்து, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, மலையைச் சுற்றி மடிந்து கிடக்கிறது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்குச் சேலத்து மேக்னடைட் தாதுவே மூலப்பொருளாக இருந்தது.

காப்புக்காட்டுப் பகுதியில் அனுமதியின்றிக் கல் எடுப்பதும், வெளிப்பட்டு நிற்கும் பாறையை உடைப்பதும் கூடாது. முறைப்படி கிடைத்த கல்லுக்கான அட்டையில் இவ்வாறு எழுதலாம்: மேக்னடைட், ஆக்சிஸ்பினல் குழு, ஸ்பினல் துணைக்குழு, ஸ்ட்ரன்ஸ் 4.பிபி.05, டானா 7.2.2.3, உரைகோடு கறுப்பு, காந்த ஈர்ப்பு வலிது, துருவம் இல்லை, முழுக்கல்லின் ஒப்படர்த்தி 3.6, ஓரங்களில் மார்ட்டைட் மாற்றம், தாய்ப்பாறை மேக்னடைட் குவார்ட்சைட், கிடைத்த இடம், நாள். எந்தச் சோதனையைச் செய்யவில்லையோ அதற்குரிய இடத்தை வெற்றாகவே விட்டுவைக்க வேண்டும்.